எந்தச் சக்கரம் சுற்றவில்லை? ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் கோளாறைக் கையாலேயே கண்டுபிடிக்க

பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, இரண்டு சக்கரமும் தரையைத் தொடாமல் இருக்கும்போது, கியரைப் போட்டுவிட்டு இடது சக்கரத்தை முன்னால் சுற்றிப் பாருங்கள். வலது சக்கரம் பின்னால் சுற்றும். முதன்முதலில் இதைப் பார்க்கிறவர்கள் பலர் பயந்துபோய், டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரத்துக்கும் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் டிஃபரன்ஷியல் நல்ல நிலையில் இருப்பதற்கான அடையாளம் அது. எதிர்ப்பக்கச் சக்கரம் அசையாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் கோளாறு பார்ப்பது கடினமான வேலை இல்லை. ஒரு சக்கரத்தைச் சுற்றினால் வேறு எதெல்லாம் சுற்ற வேண்டும், எது நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும். அது தெரியாமல் ஸ்பேனரை எடுத்தால் நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டிருப்போம். இங்கே சொல்லும் சோதனைகளுக்கு ஒரு ஜாக்கி, நல்ல ஸ்டாண்டுகள், சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கட்டைகள், ஒரு சாக்பீஸ், கூட ஒரு ஆள் இருந்தால் போதும். தூக்கி வைத்துச் செய்யும் சோதனைகளுக்கு இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே தேவையில்லை. சாவி உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

சக்தி போகும் பாதை

இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸ், அங்கிருந்து ட்ரான்ஸ்ஃபர் கேஸ். ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாக இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட் (நீளமான சுழல் தண்டு). ஒவ்வொன்றும் ஒரு டிஃபரன்ஷியலில் போய் முடிகிறது. டிஃபரன்ஷியலிலிருந்து இரண்டு பக்கமும் ஆக்சில் ஷாஃப்ட், கடைசியில் ஹப் (சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி), சக்கரம். சக்கரம் சுற்றவில்லை என்றால் இந்தச் சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணி விட்டிருக்கிறது, அல்லது எங்கோ இறுகியிருக்கிறது.

டிஃபரன்ஷியலின் கணக்கு ஒன்றுதான். இடது சக்கரத்தின் சுற்றையும் வலது சக்கரத்தின் சுற்றையும் கூட்டினால், நடுவில் இருக்கும் கிரௌன் வீலின் (புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றிவிடும் பெரிய பல்சக்கரம்) சுற்றைப் போல இரண்டு மடங்கு வரும். கிரௌன் வீல் நின்றால் கூட்டுத்தொகை பூஜ்யம். அதனால்தான் ஒன்று முன்னால் போனால் மற்றது பின்னால் போகிறது. ஒரு சக்கரம் நின்றால் மற்றது இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் பறந்து சுற்ற, பக்கத்துச் சக்கரம் சும்மா நிற்பதும் இதே கணக்குதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லாச் சோதனைகளும் தானாகப் புரியும்.

ஜாக்கியைத் தொடும் முன்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். சாதாரண காரில் பழகிய கை, ஃபோர் வீல் டிரைவில் ஏமாந்துபோகும் இடம் இது.

‘கியரில் போட்டிருக்கிறேன், வண்டி உருளாது’ என்று நினைப்போம். ஆனால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் கியரும் பிடிக்காது, ஆட்டோமேட்டிக்கில் பார்க்கிங்கும் பிடிக்காது. இரண்டும் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு முன்னாலேயே நின்றுவிடுகின்றன. சக்கரங்களுக்கும் அவற்றுக்கும் தொடர்பே அறுந்துவிடுகிறது.

அடுத்தது ஹேண்ட் பிரேக். பெரும்பாலான வண்டிகளில் அது பின்சக்கரங்களைப் பிடிக்கும். இரண்டு பின்சக்கரத்தையும் தூக்கிவிட்டால், தரையில் இருக்கும் முன்சக்கரங்களைப் பிடிக்க ஒன்றுமே இல்லை. சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லாமல், ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும் டிரம்மாக இருக்கும். அந்த வண்டியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினாலும் ஆபத்துதான். ஷாஃப்ட் நின்றிருக்க, தூக்கிய சக்கரம் பின்னால் சுற்றி, தரையில் இருக்கும் சக்கரம் முன்னால் உருளும். வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கிவிடும்.

அதனால் சமதளத்தில் நிறுத்துங்கள். தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கி தூக்க மட்டும். வண்டியின் எடை ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகுதான் கீழே கையை நீட்ட வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் தரையில் இல்லாதபோது ‘சுற்றுகிறதா பார்ப்போம்’ என்று இன்ஜினை ஸ்டார்ட் செய்து கியர் போடவே கூடாது. லாக்கரோ லிமிடெட் ஸ்லிப்போ (இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும், அல்லது ஒன்று மட்டும் தனியாகச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் வகைகள்) இருந்தால் தரையில் உள்ள சக்கரம் வண்டியை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடும்.

ஓட்டிப் பார்த்தே பாதி தெரியும்

தூக்குவதற்கு முன் ஒரு கேள்வி. டூ ஹையில் (பின்சக்கரம் இரண்டு மட்டும் இழுக்கும் நிலை) இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டதும் நகர்கிறதா? அப்படியானால் முன்பக்கம் நல்லபடி இருக்கிறது. கோளாறு பின் புரொப்பெல்லர் ஷாஃப்டிலிருந்து பின்சக்கரம் வரையுள்ள பாதையில். எப்போதும் நான்கு சக்கரமும் ஓடும் வண்டியில் இதற்கு இணை, சென்டர் டிஃபரன்ஷியல் லாக், அதாவது முன் ஷாஃப்டுக்கும் பின் ஷாஃப்டுக்கும் நடுவே உள்ள டிஃபரன்ஷியலின் பூட்டு. லாக் போடாதவரை நகராமல், போட்டதும் நகர்ந்தால், முன்னோ பின்னோ ஏதோ ஒரு பக்கத்தில் ஷாஃப்ட் விட்டுப்போயிருக்கிறது. சென்டர் டிஃபரன்ஷியலும் ஒரு டிஃபரன்ஷியல்தானே, எளிதாகச் சுற்றுகிற பக்கத்துக்கே சுற்றையெல்லாம் கொடுத்துவிடும்.

பின் ஆக்சில்

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் இரண்டையும் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ட்ரான்ஸ்ஃபர் லீவர் டூ ஹையில், கியர் முதலாவதில், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்கில். ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்டின் மேல் சாக்பீஸால் நீளவாக்கில் ஒரு கோடு போடுங்கள். டயர்களிலும் ஒரு கோடு. இப்போது இடது சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள். கூட இருப்பவர் வலது சக்கரத்தையும் ஷாஃப்டையும் பார்க்கட்டும்.

வலது சக்கரம் எதிர்த்திசையில் சுற்றி, ஷாஃப்ட் நின்றால் சாதாரண டிஃபரன்ஷியல், நல்ல நிலை.

இரண்டுமே அசைய மறுத்தால் நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். அப்போது இரண்டும் ஒரே திசையில் சுற்றி ஷாஃப்டும் கூடவே சுற்றினால், லிமிடெட் ஸ்லிப் அல்லது லாக்கர் வேலை செய்கிறது. உங்கள் வண்டியில் அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்தும் இப்படி நடந்தால், உள்ளே ஸ்பைடர் கியர் (டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு பல்சக்கரங்கள்) பிடித்துக்கொண்டிருக்கிறது. நியூட்ரலிலும் இறுக்கமாகவே இருந்தால் பிரேக்கைப் பாருங்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். லிமிடெட் ஸ்லிப் வண்டியில் சக்கரங்கள் எதிரெதிராகச் சுற்றினால் அதன் கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பல் சக்கரங்களால் இயங்கும் வகை மட்டும் விதிவிலக்கு: காற்றில் தொங்கும்போது அது சாதாரண டிஃபரன்ஷியல் போலவே நடந்துகொள்ளலாம்.

நீங்கள் சுற்றும் சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறது, எதிர்ப்பக்கம் அசையவில்லை, ஷாஃப்டும் அசையவில்லை என்றால் இணைப்பு அறுந்திருக்கிறது. இதில் சந்தேகமே வேண்டாம். எதிர்ப்பக்கம் பிரேக்கில் பிடித்திருந்தால் உங்கள் சக்கரமும் சுற்றியிருக்காது. ஆக்சில் ஷாஃப்ட் ஒடிந்திருக்கலாம், ஹப்பின் ஸ்ப்லைன் (ஷாஃப்டைப் பிடிக்கும் நீளவாக்குப் பற்கள்) மழுங்கியிருக்கலாம், டிஃபரன்ஷியல் உள்ளே உடைந்திருக்கலாம். எந்தப் பக்கம் என்பது இந்தச் சோதனையில் தெரியாது. எந்தப் பக்கத்தைச் சுற்றினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆக்சில் ஷாஃப்ட் எடையைத் தாங்காத, ஹப் மட்டும் தாங்குகிற வகை என்றால், ஹப் முகத்தில் உள்ள போல்ட்டுகளைக் கழற்றி, சக்கரம் அப்படியே இருக்க ஷாஃப்டை மட்டும் உருவிவிடலாம். பாதித் துண்டு கையில் வந்தால் விடை கிடைத்துவிட்டது. மற்ற வகையில் ஷாஃப்ட்தான் சக்கரத்தையே பிடித்திருக்கிறது. ஒடிந்த ஷாஃப்டோடு ஃபோர் ஹையில் ஓட்டி வீடு போய்ச் சேரலாம் என்று நினைக்காதீர்கள், சக்கரம் கழன்று வெளியே வந்துவிடலாம்.

கியர் போட்டிருந்தும் ஷாஃப்ட் சுற்றுகிறதா? ஆக்சிலை விடுங்கள். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கோளாறு ட்ரான்ஸ்ஃபர் கேஸிலோ அதற்கு முன்னாலோ.

முன் ஆக்சில்: ஹப்பில் ஆரம்பியுங்கள்

பல வண்டிகளில் முன் ஹப்பில் ஒரு திருகு இருக்கும்: லாக்கில் வைத்தால் ஆக்சில் ஷாஃப்டைச் சக்கரத்தோடு சேர்க்கும், ஃப்ரீயில் வைத்தால் பிரிக்கும். ஒருமுறை நண்பர் ஒருவரின் வண்டி ஈர மண்ணில் பின்சக்கரம் புதைந்து நின்றது. ஃபோர் ஹை போட்டாயிற்று, டேஷ்போர்டில் விளக்கும் எரிகிறது, முன் புரொப்பெல்லர் ஷாஃப்டும் சுற்றுகிறது. முன்சக்கரம் இரண்டும் அசையவில்லை. ட்ரான்ஸ்ஃபர் கேஸில் செயின் போய்விட்டது என்று அவர் நினைத்தார். வண்டியை வெளியே இழுத்த பிறகு முன்பக்கத்தைத் தூக்கி, ஒரு கையை இடது ஆக்சில் ஷாஃப்டின் மேல் வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுற்றினேன். சக்கரம் சுற்றியது, உள்ளங்கைக்குக் கீழே ஷாஃப்ட் சும்மா இருந்தது. ஹப்பின் திருகு லாக்கில்தான் இருந்தது. கழற்றிப் பார்த்தால், பழைய கிரீஸ் இறுகிப் போய் உள்ளே நகர வேண்டிய வளையம் பாதியிலேயே நின்றிருந்தது. துடைத்து, மெல்லிசாகப் புது கிரீஸ் தடவி மாட்டியதும் ‘டக்’ என்று உட்கார்ந்தது.

வலது ஹப் ஒழுங்காகத்தான் இருந்தது. இருந்தும் அந்தச் சக்கரமும் சுற்றவில்லை. அதே டிஃபரன்ஷியல் கணக்கு: இடது ஷாஃப்ட் எதையும் தள்ளாமல் சும்மா சுற்றியதால் சுற்று முழுதும் அங்கே போய்விட்டது. ஒரு ஹப் பழுதானால் முன்பக்கம் முழுதும் பழுது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முன்பக்கம் இரண்டையும் தூக்குங்கள், லீவர் டூ ஹையில். ஹப் ஃப்ரீயில் இருக்கும்போது சக்கரத்தைச் சுற்றினால் ஆக்சில் ஷாஃப்ட் நிற்க வேண்டும். லாக்கில் வைத்தால் கூடவே சுற்ற வேண்டும். இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள். ஃப்ரீயிலும் ஷாஃப்ட் சுற்றினால் ஹப் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வண்டி ஓடும், ஆனால் முன் ஆக்சில் தேவையில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

வேக்குவத்தில் (காற்றை உறிஞ்சும் விசையில்) இயங்கும் ஹப் என்றால் முதலில் ரப்பர் குழாய்களைத் தடவிப் பாருங்கள். வெடித்த குழாய், கழன்ற முனை, இந்த இரண்டுதான் பெரும்பாலும் காரணம். சில வண்டிகளில் ஹப் இருக்காது. ஒரு பக்க ஆக்சில் ஷாஃப்டை இரண்டு துண்டாக வைத்து, நடுவே நகரும் ஒரு வளையம் அவற்றைச் சேர்க்கும், பிரிக்கும். அங்கே டூ ஹையில் ஒரு முன்சக்கரத்தைச் சுற்றினால் மற்ற சக்கரம் அசையக்கூடாது. ஃபோர் ஹையில் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். ஃபோர் ஹையிலும் அசையவில்லை என்றால் வளையம் நகரவில்லை. அதைத் தள்ளும் மோட்டாரையோ வேக்குவத்தையோ, அதற்கும் முன்னால் ஃப்யூஸையோ பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு மட்டும், லீவரை மாற்றும்போது வளையம் நகர்வதற்காக சாவியை ஆன் செய்யவோ, வேக்குவம் என்றால் இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிடவோ வேண்டிவரலாம். அப்போது நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும்; மாற்றிய பிறகு இன்ஜினை அணைத்துவிட்டுத் தூக்குங்கள்.

ட்ரான்ஸ்ஃபர் கேஸ்

முன்பக்கம் தூக்கியபடியே இருக்கட்டும், ஹப் இரண்டும் லாக்கில், பின்சக்கரம் இரண்டும் தரையில் கட்டையோடு. டூ ஹையில் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் பிடித்துச் சுற்றுங்கள். அது சுற்றும், முன்சக்கரமும் கூடச் சுற்றும். இப்போது ஃபோர் ஹைக்கு மாற்றுங்கள். லீவர் பாதியில் நின்றால் பல்லும் பல்லும் முட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஷாஃப்டைக் கொஞ்சம் அசைத்தால் உள்ளே விழும். மறுபடி ஷாஃப்டைச் சுற்றுங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அதற்கு மேல் நகரக்கூடாது, ஏனென்றால் தரையில் இருக்கும் பின்சக்கரங்கள் அதைப் பிடித்துவிட்டன.

ஃபோர் ஹையிலும் ஷாஃப்ட் தாராளமாகச் சுற்றுகிறதா? லீவர் கம்பி கழன்றிருக்கலாம், உள்ளே ஷிஃப்ட் ஃபோர்க் (லீவர் அசையும்போது பல்லைத் தள்ளும் கவை) உடைந்திருக்கலாம், அல்லது செயின் அறுந்திருக்கலாம். கையால் பார்க்கும்போது இறுக்கமாக இருந்து, ஏற்றத்தில் இழுக்கும்போது மட்டும் கீழே ‘டமார் டமார்’ என்று அடித்தால் செயின் நீண்டு பல் தாண்டுகிறது. கையின் பலத்துக்கு அது தாண்டாது, அதனால் இந்தச் சோதனையில் தப்பிவிடும்.

எல்லாமே சரி, ஆனாலும் ஃபோர் ஹையில் இறுகுகிறது

பழைய ஆக்சில் வாங்கி மாட்டிய வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது பல் விகிதம், அதாவது கிரௌன் வீல் ஒரு சுற்று சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற கணக்கு. முன்னால் 3.73, பின்னால் 4.10 என்று இருந்தால் டூ ஹையில் எந்தக் குறையும் தெரியாது. ஃபோர் ஹையில் முன்சக்கரமும் பின்சக்கரமும் சுமார் 10 சதவீத வேறுபாட்டில் ஓட முயலும், மண் தரையில்கூட வண்டி முரண்டு பிடிக்கும்.

எண்ணிப் பார்ப்பது சுலபம். ஒரு சக்கரம் தரையில், மற்றது தூக்கியபடி, கியர் நியூட்ரலில். முன் ஆக்சில் என்றால் லீவர் டூ ஹையில், ஹப் லாக்கில். பின் ஆக்சில் என்றால் ஹேண்ட் பிரேக்கை விட்டிருக்க வேண்டும், ஆகவே தரையில் இருக்கும் மூன்று சக்கரத்துக்கும் கட்டை இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக 20 முறை சுற்றுங்கள். கூட இருப்பவர் புரொப்பெல்லர் ஷாஃப்டின் சாக்பீஸ் கோடு எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணட்டும். மற்றச் சக்கரம் நிற்பதால் கிரௌன் வீல் 10 சுற்றுதான் சுற்றியிருக்கும். ஷாஃப்ட் 41 சுற்று என்றால் விகிதம் 4.10, 37 சுற்றும் அதற்கு மேல் கொஞ்சமும் என்றால் 3.73. முன்னும் பின்னும் 4.10, 4.11 என்று இருந்தால் பரவாயில்லை.

விகிதம் ஒன்றாக இருந்தால் டயரைப் பாருங்கள். 700 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயரில் முன்னதற்கும் பின்னதற்கும் தேய்மானத்தில் 6 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால், ஒரு கிலோமீட்டரில் சுமார் 17 மீட்டர் கணக்கு இடிக்கும். மண்ணில் சக்கரம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை, அந்த முறுக்கு ஷாஃப்டுகளிலும் பல்களிலும் ஏறிக்கொள்ளும். சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியை ஃபோர் ஹையில் தார்ச்சாலையில் வளைத்தாலும் இதேதான், முன்சக்கரங்கள் அகலமான வட்டத்தில் போகின்றன. லீவர் வெளியே வர மறுப்பது இதனால்தான், லீவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சில மீட்டர் நேராகப் பின்னால் எடுங்கள், அல்லது மண் தரைக்குப் போய் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் ஆட்டியபடி ஓட்டுங்கள். முறுக்கு ஏறிய வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கினால், தரையை விட்ட கணத்தில் சக்கரம் சட்டென்று சுழலும். பக்கத்தில் கையோ முகமோ வேண்டாம்.

ஒரு சக்கரம் மட்டும் இறுக்கம்

ட்ரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, அந்த ஆக்சிலின் இரண்டு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றுங்கள். ஒன்று மட்டும் கனமாக இருந்தால் முதல் சந்தேகம் பிரேக். டிஸ்க் பிரேக்கில் லேசாக உரசும் சத்தம் இயல்பு. இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தால் இயல்பில்லை. காற்று எடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பிரேக் ஆயில் பீய்ச்சி வந்து சக்கரம் விடுபட்டால், உள்ளே உப்பிப்போன ரப்பர் ஹோஸ் ஆயிலைத் திரும்ப விடாமல் பிடித்துவைத்திருக்கலாம். தளர்த்தியும் இறுக்கம் போகவில்லை என்றால் காலிப்பர் பிஸ்டனோ அது நகரும் பின்களோ சிக்கியிருக்கின்றன.

பேரிங்குக்கு: சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கூட இருப்பவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையவில்லை என்றால் பால் ஜாயிண்ட் அல்லது கிங்பின் (முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் மூட்டு). பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டீயரிங் மூட்டுகள்.

முன்னுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றும்போது ‘டங்’ என்று தட்டினால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸைப் (முனையில் மடங்கும் மூட்டிலுள்ள சிலுவை வடிவத் துண்டு) பாருங்கள். மூடியின் ஓரத்தில் செந்தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி, துரு அரைபடுகிறது. ஷாஃப்டைக் கழற்றும் முன் இரண்டு முனையிலும், நடுவில் நீண்டு குறுகும் இடத்திலும் அடையாளக் கோடு போட மறக்காதீர்கள். ஒரு பல் தள்ளி மாட்டினால் இரண்டு முனையின் கவைகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் போய், முன்பு இல்லாத அதிர்வு வந்து சேரும்.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவதாக இருந்தால், ‘ஃபோர் வீல் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: ‘டூ ஹை, முதல் கியர், பின்பக்கம் தூக்கியது: எதிரெதிராகச் சுற்றுகிறது. ஃபோர் ஹை, முன் ஷாஃப்ட்: கையால் சுற்றவில்லை. இடது ஹப் லாக்கில்: சக்கரம் சுற்றுகிறது, ஷாஃப்ட் சுற்றவில்லை.’ இதைப் படித்த மெக்கானிக் ட்ரான்ஸ்ஃபர் கேஸைத் தொடாமல் நேராக இடது ஹப்புக்குப் போவார்.